எக்ஸ்பிரஸ் அக்காவும் ஐந்து சதவீத ஈரமும்

எங்கள் லேப்பில் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். வைத்தவன் நான்தான். மற்றவர்கள் ஒன்றரை மணி நேரம் எடுக்கும் சோதனையை அவள் கால் மணி நேரத்தில் முடித்து, அறிக்கையை அச்சடித்து, என் மேசையில் வைத்து, "தம்பி, கையெழுத்து" என்பாள். நான் பியூரெட் குழாயிலிருந்து சொட்டும் திரவத்தின் மேல் கண்ணை வைத்துக்கொண்டே இடது கையால் கிறுக்கிவிடுவேன். 'சரிபார்த்தவர்' என்று அச்சிட்ட இடத்தில் இருப்பது என் கிறுக்கல். சரிபார்த்தேனா என்று இப்போது கேட்காதீர்கள், மானம் போகும். பின்னால் நானே சொல்கிறேன்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வயதில் இந்த லேப்புக்குக் கண்ணாடிக் குடுவைகள் கழுவ வந்தவள். கழுவிக்கொண்டே தபால் வழியில் படித்து, வேதியியலில் பட்டம் வாங்கி, கழுவும் தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி இருந்த அறைக்குப் போய்ச் சேர அவளுக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. அந்தப் பத்தடியைப் பற்றி அவள் பெருமையடித்து நான் கேட்டதில்லை. வேறு யாராவது அந்த அறையில் செருப்பைத் தேய்த்து நடந்தால் மட்டும் பார்ப்பாள் ஒரு பார்வை. அடுத்த அடியை அவர்கள் பூனை மாதிரி வைப்பார்கள்.

காரணம் இருக்கிறது. அங்கே இருக்கும் இயந்திரம் அப்படி. வெளியே பார்த்தால் சோற்றுப் பானை அளவு பெட்டி. உள்ளே ஒரு குட்டி உலை, உலைக்குள் ஒரு தராசின் கொக்கி, கொக்கியில் சுண்டுவிரல் நகத்தளவு கிண்ணம். அதில் பத்து மில்லிகிராம் தூள் போடுவாள். இரண்டு விரலால் கிள்ளினால் வருவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், எங்கள் பிழைப்பே அந்த ஒரு சோற்றில்தான் ஓடுகிறது. உலை சூடாகச் சூடாகத் தூளிலிருந்து ஒவ்வொன்றாய்க் கழன்று போகும். எடை குறையும், திரையில் கோடு இறங்கும். எந்தச் சூட்டில் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து, போனது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மின்விசிறி சுற்றினாலோ கதவைப் படாரென்று சாத்தினாலோ கோடு நடுங்கும். அதனால் அந்த அறையில் விசிறி கிடையாது. வெயில் காலத்தில் அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மூச்சைக்கூட அளந்துதான் விடுவாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மாதிரிகள் மலைபோல் குவிந்த ஒரு மாதத்தில், அவள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். உலையை மெல்ல மெல்லச் சூடாக்காமல் ஒரே தாவலில் நூற்றறுபது டிகிரிக்குக் கொண்டுபோவது. பத்து நிமிடம் அங்கேயே நிறுத்துவது. கடைசியில் எவ்வளவு எடை குறைந்ததோ அதை மட்டும் படிப்பது. மாத்திரைத் தொழிற்சாலை ஒன்று தன் தூளில் எவ்வளவு ஈரம் என்று வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தது, அவர்களுக்காகத்தான் செய்தாள். சும்மா செய்யவில்லை, இருபது மாதிரிகளைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் போட்டுப் பார்த்தாள். எண்கள் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி வந்தன. எங்கள் தலைவர் கைதட்டினார். அச்சடித்த படிவம் ஒன்று தயாரானது. அதில் எண்ணுக்கு மேலே 'ஈரப்பதம்' என்று தலைப்புப் போட்டவளும் அவள்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை வரவேற்பறையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார், கையில் சாப்பாட்டுப் பை. அக்காவைப் பார்க்க வேண்டுமாம். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பது விதி, ஆகவே அக்கா வெளியே போனாள். நான் டீ குடிக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

அவர் பையிலிருந்து ஒரு நகலை எடுத்தார். எங்கள் அறிக்கை. அடியில் இரண்டு கையெழுத்து.

"இது நீங்களாம்மா?"

"ஆமா. நீங்க?"

"அந்த மாத்திரைக் கம்பெனியில டிரையர் ஓட்டுறேன். தூளைக் காய வைக்கிற வேலை. பதினேழு வருஷமா." அவர் குரல் உயரவே இல்லை. "மாத்திரை எல்லாம் உதிருது. நான் சரியாக் காய வைக்கலன்னு சொல்றாங்க. ரெண்டு சதவீதத்துக்கு மேல ஈரம் இருக்கக் கூடாது, அஞ்சு இருக்குன்னு உங்க பேப்பர் சொல்லுது. வியாழக்கிழமை விசாரணை. வேலை போயிடும்னு சூப்பர்வைசரே சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி அந்த மெஷினை ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அக்கா சிரிக்கவில்லை.

"அண்ணே, மெஷின் பொய் சொல்லாது," என்றாள்.

"பொய்யின்னு நான் சொல்லலம்மா. ஆனா ஈரத் தூள் கையில ஒட்டும், இது ஒட்டல. முதல் லாட்டுல அஞ்சு புள்ளி ஒண்ணு வந்துச்சு. சரின்னு அடுத்த லாட்டை ரெண்டு மணி நேரம் கூடப் போட்டேன். அதுக்கடுத்ததை நாலு மணி நேரம் கூடப் போட்டேன். உங்க பேப்பர்ல அஞ்சு, நாலு புள்ளி ஒம்போது. இன்னும் எவ்வளவு நேரம்தாம்மா காய வைக்கிறது?"

அக்கா நகலை வாங்கி மூன்று எண்களையும் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஈரம் என்றால் நாளுக்கு ஒரு மாதிரி இருக்க வேண்டும், காய வைத்தால் குறைய வேண்டும். இப்படிப் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்காது. மூன்று வாரமாக அந்த எண்களை அச்சடித்தது அவள், சரிபார்த்தது நான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"வியாழக்கிழமைதானே? நீங்க போங்க," என்றாள். "நான் பாக்குறேன்."

"பாத்து என்னம்மா ஆகப்போகுது?"

"அது எனக்கும் தெரியல. பாத்துட்டுச் சொல்றேன்."

சோதித்த மாதிரிகளில் மிச்சத்தை ஆறு மாதம் சீசாவில் பூட்டி வைப்போம். அக்கா அன்று மதியமே முதல் சீசாவை எடுத்தாள். குறுக்கு வழியைத் தொடவில்லை. நிமிடத்துக்கு இரண்டே டிகிரி, அதற்குமேல் ஒரு பொட்டுக்கூட இல்லை. முப்பதில் தொடங்கி நூற்றுத் தொண்ணூறு வரை போக எண்பது நிமிடம். "தம்பி, நீயும் உக்காரு. உன் கையெழுத்தும் இருக்குல்ல," என்றாள். சாப்பாட்டு நேரம். பசி வேறு. உட்கார்ந்தேன்.

கோடு இறங்கியது. ஐம்பது, அறுபது, எழுபது. தொண்ணூறு டிகிரிக்குள் ஒரு சதவீதமும் கொஞ்சமும் போயிற்று. அதற்குப் பிறகு கோடு மேசை விளிம்பு மாதிரி நேராகப் படுத்துவிட்டது. நூறு, நூற்றுப் பத்து, அசைவே இல்லை.

"அவ்வளவுதான்க்கா. ஈரம் ஒண்ணு புள்ளி ஒண்ணு. அவரு சொன்னது சரி. மெஷின்லதான் ஏதோ கோளாறு, வாங்க சாப்பிடலாம்."

"கோளாறு இல்ல. மிச்ச நாலு எங்க போச்சு? உக்காரு."

நூற்று முப்பதைத் தாண்டியதும் கோடு மறுபடி தலையைக் கவிழ்த்தது. இறங்கு இறங்கென்று இறங்கி, நூற்று அறுபதுக்கு முன்னால் நின்றது. கச்சிதமாக நான்கு சதவீதம். அக்கா ஒரு துண்டுத் தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். அந்தத் தூளில் நூற்றுக்கு எண்பது பங்கு லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. பால் சர்க்கரையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தண்ணீரே கிடையாது, ஆறு வருடத்துக்கு முன் ஒப்பிட்டுப் பார்த்தபோது தூளில் இருந்தது அது. இன்னொன்றில் படிகத்துக்குள்ளேயே இருபதில் ஒரு பங்கு தண்ணீர் கட்டுண்டு கிடக்கும். எண்பதில் இருபதில் ஒரு பங்கு, நான்கு.

தொழிற்சாலையின் கிடங்குக்குப் போன் போட்டாள். எந்த லாக்டோஸ் வாங்குகிறீர்கள் என்று கேட்டாள். "ஒரு மாசமா வேற இடத்துல வாங்குறோம். எதுவா இருந்தா என்னங்க, பேரு ஒண்ணுதானே," என்றது மறுமுனை. அக்கா போனை வைத்துவிட்டு நெற்றியில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"புரியுதா தம்பி? சுவர் மேல மழை பட்டா அது ஈரம். அதைக் காய வைக்கலாம். சுவர் கட்டும்போது சிமென்ட்டுல ஊத்துன தண்ணி சுவராவே ஆயிடுச்சு. அதைக் காய வைக்க முடியுமா? அந்த மனுஷன் நாலு மணி நேரம் இல்ல, நாலு நாள் போட்டாலும் வராது. அவரு டிரையர் அறுபது டிகிரி. நான் நூத்தி அறுபதுக்குத் தூக்கிட்டுப் போய் ரெண்டையும் ஒண்ணாக் கறந்துட்டேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். அவங்க பொருளை மாத்தினதை நம்மகிட்டச் சொல்லல, நாம என்ன ஜோசியமா பாக்குறோம் என்றேன்.

"மெஷின் எடை குறைஞ்சுதுன்னு மட்டும்தான் சொல்லுச்சு," என்றாள். "ஈரம்னு சொன்னது நான்."

மறுநாள் மற்ற இரண்டு மாதிரிகளையும் அதே ஆமை வேகத்தில் ஓட்டினாள். அதோடு விடவில்லை. பக்கத்தில் இன்னொரு இயந்திரம் உண்டு. தூள் உள்ள கிண்ணத்தையும் காலிக் கிண்ணத்தையும் சேர்த்துச் சூடாக்கி, தூள் எங்கே கூடுதலாக வெப்பத்தை விழுங்குகிறது என்று காட்டும். அதிலும் போட்டாள். நூற்று நாற்பத்தைந்தை ஒட்டிக் கிணறு தோண்டினாற்போல் ஒரு பள்ளம். படிகத்தை உடைத்துக்கொண்டு தண்ணீர் வெளியேறும் இடம். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

வீட்டில் அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு மச்சான் முறை என்று அவரே சொல்லிக்கொள்வார், ஆகவே கிண்டலுக்குக் குறைவிருக்காது. அன்று மட்டும் கிண்டல் இல்லையாம். "லிஃப்ட் நின்னா பட்டன் அழுத்தினவனைத்தான் எல்லாரும் திட்டுவாங்க. கேபிளை யாரும் பாக்க மாட்டாங்க. நீ போய்ச் சொல்லிடு. வேலை போச்சுன்னா பாத்துக்கலாம், குடுவை கழுவத் தெரியுமில்ல," என்றாராம். அக்கா இதைச் சொல்லும்போது சிரித்தாள். முதல் இரண்டு நாளில் அது ஒன்றுதான் சிரிப்பு.

புதன்கிழமை தலைவர் அறை. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர்களுக்கே உரிய பயம் உண்டு.

"அவங்க கேட்ட டெஸ்ட்டைச் செஞ்சு கொடுத்தோம். அதோட நம்ம வேலை முடிஞ்சுதும்மா. அனுப்பின ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினா நாளைக்கு எவன் நம்மளை நம்புவான்? அங்கீகாரம் கொடுக்கிறவங்க வந்து தோண்டுவாங்க. இந்த முறையே நீங்க கொண்டுவந்தது. உங்க தலையிலதான் விடியும்."

"விடியட்டும் சார்."

"சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிறேன்னு நிக்கிறீங்க."

"வச்சது ஏற்கெனவே வச்சாச்சு சார். அந்த ஆளுக்கு. அதை எடுக்கணும்."

"அடுத்த மாசத்துலேருந்து படிவத்தை மாத்திடலாம். சத்தமில்லாம."

"நாளைக்கு விசாரணை சார்."

தலைவர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாபஸ் கடிதத்துக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். நான் போடாவிட்டால் அது வெறும் தாள். அவர் பார்வையில் அந்த வழி திறந்து கிடந்தது. நான் அதைப் பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. எனக்கும் குடும்பம் இருக்கிறது, போன வருடம்தான் பதவி உயர்வு. அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கெஞ்சியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேனோ என்னவோ. கடிதத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, மூன்று கோடுகளையும் மூன்று எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, வலது கையால் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது வருடத்தில் நான் சரிபார்த்த முதல் அறிக்கை அதுதான்.

விசாரணை நடந்த அறையில் நீள மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், இந்தப் பக்கம் டிரையர்க்காரர் தனியாக. எங்களை எதிர்பார்க்கவில்லை. அக்கா உட்காராமல் நின்றுகொண்டே கோடு அச்சான தாளை விரித்துக் காட்டினாள். இந்த இறக்கம் ஈரம், ஒன்று புள்ளி ஒன்று, உங்கள் வரம்புக்குள் இருக்கிறது. இந்த இறக்கம் நீங்கள் வாங்கிய பொருளுக்குள்ளேயே இருப்பது, எந்த டிரையரும் எடுக்க முடியாது. இவ்வளவுதான் சொன்னாள்.

நடுவில் இருந்தவருக்குப் பிடிக்கவில்லை. "உங்க கையெழுத்தோட ஈரம் அஞ்சுன்னு பேப்பர் எங்ககிட்ட இருக்கே?"

"இருக்கு சார். அது தப்பு."

"தப்புன்னா? யாரோட தப்பு?"

"என்னோடது."

"அப்ப மாத்திரை ஏன் உதிருது? அதுக்கு யார் பொறுப்பு?"

"அது எனக்குத் தெரியாது சார். வேற வகை லாக்டோஸ் வேற மாதிரி அழுந்தும், அது காரணமா இருக்கலாம். அதை நீங்கதான் பாக்கணும். இவரு காய வைக்காததால இல்ல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

அவர் நாலைந்து விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அக்கா ஒரே பதிலைச் சொன்னாள். பிடித்த பிடியை விடவில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு குற்றச்சாட்டைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

வெளியே வராந்தாவில் டிரையர்க்காரர் நன்றி சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மூணாவது தடவையும் அஞ்சுன்னு வந்தப்ப நானே நம்பிட்டேம்மா," என்றார். "வீட்டுல யாரும் ஒரு வார்த்தை கேக்கல. எனக்குத்தான் கை மரத்துப் போச்சோ, வயசாயிடுச்சோ, ஈரம் தெரியாமப் போச்சோன்னு ஆயிடுச்சு. மாவைத் தொடுவேன், உப்பைத் தொடுவேன், துணியைத் தொட்டுப் பாப்பேன். எதைத் தொட்டாலும் சந்தேகம்."

அக்கா அழுதுவிட்டாள். குடுவை கழுவிய காலத்தில் அமிலம் தெறித்துக் கை வெந்தபோதுகூட அழாதவள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்த வராந்தாவில் நின்று, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில்லாமல் அழுதாள். அவர் பதறிப் போய், "அய்யோ, விடுங்கம்மா, அதான் சரியாயிடுச்சே," என்று அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் நான் இலேசான மனதோடு வந்தேன். நல்ல காரியம் செய்த களைப்பு. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். இறங்கும் இடம் வருவதற்கு முன் திரும்பி, "இவரு வந்து கேட்டாரு. கேக்க வராதவங்க?" என்றாள்.

நான் இறங்க எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறு மாதத்துக்கு அக்கா எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று தலைவர் உத்தரவு போட்டார். குறுக்கு வழி கணினியிலிருந்து அழிக்கப்பட்டது, அவளே அழித்தாள். வெள்ளிக்கிழமை முதல் பழைய கோப்புகளை இறக்கத் தொடங்கினாள். ஆறு வருடத்தில் அந்த முறையில் போன அறிக்கைகள் எழுநூற்றுக்குமேல். அவற்றில் உள்ளுக்குள் தண்ணீரைக் கட்டிவைத்திருக்கக்கூடிய பொருள் எது எது என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். "இது யாரு கேட்டா அக்கா?" என்றேன். "நீ அந்தப் பக்கத்து ஃபைல் கட்டை எடு," என்றாள். எடுத்தேன். தலைவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பதினான்கு அறிக்கைகள் தேறின. பதின்மூன்றில் யாருக்கும் கெடுதல் இல்லை, எண் வரம்புக்குள்தான் இருந்தது. திருத்தக் கடிதம் அனுப்பினோம். பதினான்காவது நான்கு வருடத்துக்கு முந்தையது. பழரசத் தூள் செய்யும் சின்ன ஆலை. அவர்கள் சோதிக்க அனுப்பியது எலுமிச்சை அமிலம், அதிலும் தண்ணீரைக் கட்டிய வகை உண்டு. எங்கள் அறிக்கை ஈரப்பதம் எட்டுக்கு மேல் என்கிறது. அதன் பின்னால் ஆலை அனுப்பிய ஒரு கடிதம் குத்தியிருந்தது. அப்போது அதைப் பாராட்டுக் கடிதம் என்று தலைவர் அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் வைத்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. 'தங்கள் அறிக்கையின் அடிப்படையில் உலர்த்தும் பிரிவில் பொறுப்பானவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். விரைந்து அறிக்கை தந்தமைக்கு நன்றி.' விரைந்து என்ற சொல்லுக்குக் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். எக்ஸ்பிரஸ் என்று நான் பெயர் வைத்தது அந்த வாரம்தான்.

கடிதத் தலைப்பில் இருந்த எண்ணுக்கு அக்கா போன் போட்டாள். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். ஆலை கை மாறிவிட்டதாம், அப்போது இருந்தவர்கள் பாதிப்பேர் இல்லையாம்.

"காய வைக்கிற இடத்துல ஒருத்தரை வேலையை விட்டு நிறுத்தினாங்கம்மா, நாலு வருஷத்துக்கு முன்னாடி. அவரு யாருன்னு தெரியணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. யாருக்கும் ஞாபகம் இருக்காது."

"அவரோட வேலை செஞ்சவங்க யாராவது ஒருத்தர் இருப்பாங்க. கேட்டுட்டு வாங்க."

"நேரம் ஆகும்ங்களே."

அக்கா நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துக்கொண்டாள்.

"ஆகட்டும்மா. நான் லைன்லயே இருக்கேன்."